ஃபார்முலா இல்லாத ஃபங்ஷன்

ஃபங்ஷன்னு சொன்னா நம்ம ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது காதுகுத்து, வளைகாப்பு, மொய் கவர். இன்னைக்கு பேசப்போறது அது இல்ல. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தோட முதல் பாடம் "உறவுகளும் சார்புகளும்". அந்தச் சார்புதான் இன்னைய எபிசோட்.

இந்தப் பாடத்துல வர்ற படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு முட்டை. இடது முட்டைக்குள்ள 1, 2, 3. வலது முட்டைக்குள்ள வேற சில எண்கள். நடுவுல அம்புக்குறிகள். கூடவே மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், வரிசைச் சோடின்னு வரிசையா வார்த்தைகள். கடைசியில ஒரு கேள்வி: இது சார்பு ஆகுமா? காரணம் கூறு.

பதில் எழுதப் பழகிடுவோம். ஆனா அடுத்தடுத்த பாடங்கள்ல அந்த முட்டைகள் காணாமப் போயிடும். எங்க பார்த்தாலும் எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ் + 3 மாதிரி ஃபார்முலாதான். அதனால பள்ளிக்கூடம் முடிச்சு வெளிய வரும்போது நம்ம மனசுல தங்குறது ஒண்ணே ஒண்ணு: ஃபங்ஷன்னா ஃபார்முலா.

இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. 1748ல லெயோன்ஹார்ட் ஆய்லர் எழுதின புத்தகத்திலும் கிட்டத்தட்ட இதேதான் இருக்கு. அந்த நம்பிக்கை உடையறதுக்கு ஒரு வீணைக் கம்பி மாதிரியான ஒரு கம்பியும், ஒரு இரும்புக் கம்பியில ஓடுற சூடும், சுமார் 90 வருஷச் சண்டையும் தேவைப்பட்டுச்சு. அந்த முட்டைப் படம் அந்தச் சண்டையோட தீர்ப்பு. நாம தீர்ப்பை மட்டும் மனப்பாடம் பண்ணினோம். வழக்கு என்னன்னு யாரும் சொல்லல. இன்னைக்கு அந்த வழக்கைப் பார்க்கலாம்.

பின்கோடுல இருந்து ஆரம்பிப்போம்

முதல்ல உறவு, சார்பு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெளிவு பண்ணிக்கலாம்.

இந்தியாவுல பின்கோடு முறை வந்தது 1972 ஆகஸ்ட் 15. மயிலாப்பூர் அஞ்சலகம்னா 600004. தி.நகர்னா 600017. அடையாறுன்னா 600020. ஒரு அஞ்சலகத்தோட பேரைச் சொன்னா பின்கோடு ஒண்ணே ஒண்ணுதான் வரும். தபால் பிரிக்கிறவருக்குக் குழப்பமே இல்ல.

இப்போ திருப்பிப் போடுங்க. பின்கோடைச் சொல்லி, அஞ்சலகம் எதுன்னு கேளுங்க. ஒரே பின்கோடுக்குக் கீழ பல அஞ்சலகங்கள் இருக்கலாம். அப்போ எதைச் சொல்றது?

ரெண்டு பக்கமும் ஒரு தொடர்பு இருக்கு. அந்தத் தொடர்புக்குப் பேர் உறவு. ஆனா அஞ்சலகத்துல இருந்து பின்கோடுக்குப் போற உறவு மட்டும்தான் சார்பு. ஏன்னா அதுல ரெண்டு நிபந்தனை நிறைவேறுது. ஒண்ணு, இடது பக்கம் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பதில் இருக்கு. ரெண்டு, அந்தப் பதில் ஒண்ணுதான். சார்போட வரையறை அவ்வளவுதான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. "மயிலாப்பூர்" என்ற சொல்லை எந்த ஃபார்முலாவுல போட்டா 600004 கிடைக்கும்? எதுலயும் கிடைக்காது. யாரோ உட்கார்ந்து ஒதுக்கிக் கொடுத்த எண் அது. ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஆனாலும் முழுமையான சார்பு. இதைத்தான் ஆய்லர் காலத்துல பல பேரால ஏத்துக்க முடியல.

பேர் வர்றதுக்கு முன்னாடி

வேடிக்கை என்னன்னா, ஃபார்முலாவுக்கு ரொம்ப முன்னாடியே உலகத்துல பட்டியல்கள் இருந்துச்சு. இரண்டாம் நூற்றாண்டுல தாலமி ஒரு வட்டத்தோட நாண்களுக்கு அரை டிகிரி இடைவெளியில அட்டவணை போட்டார். 499ஐ ஒட்டி ஆரியபட்டர் 24 மதிப்புகள்ல சைன் அட்டவணையைச் செய்யுளுக்குள்ள அடக்கினார். கோணத்தைச் சொன்னா நீளம் கிடைக்கும். யாரும் அதை ஃபங்ஷன்னு கூப்பிடல.

நம்ம பக்கத்துலயும் ஒண்ணு உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல "வாக்கியம்"னா நிஜமாவே வாக்கியம்தான். வரருசி பேர்ல வழங்குற 248 சிறு வாக்கியங்கள். ஒவ்வொண்ணும் எழுத்துகளுக்குள்ள எண்ணை ஒளிச்சு வெச்சிருக்கும். எத்தனையாவது நாள்னு கணக்குப் பண்ணி அந்த வாக்கியத்தை எடுத்தா, நிலா வானத்துல எங்க இருக்கும்னு தெரிஞ்சிடும். உள்ள போறது நாள், வெளிய வர்றது இடம்.

ஜான் வாரன் என்ற அதிகாரி 1825ல மதராஸ்ல அச்சான தன்னோட "கால சங்கலித" என்ற நூல்ல ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரைப் பத்தி எழுதினார். அவர் தரையில சோழிகளை அடுக்கி, மனப்பாடமா இருந்த அட்டவணைகளை வெச்சே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கிரகணம் தொடங்குற நேரத்துல 4 நிமிஷம்தான் பிசகு. முடியுற நேரத்துல 52 நிமிஷம் பிசகு. காகிதத்துல ஒரு சமன்பாடு எழுதாம, நினைவுல இருந்த ஒரு பட்டியலை வெச்சு செஞ்ச வேலை இது.

லைப்னிஸ் வெச்ச பேர்

இப்போ ஐரோப்பா. 1673. காட்ஃபிரீட் லைப்னிஸ் ஒரு கையெழுத்துப் பிரதியில "ஃபங்க்ஷியோ" என்ற லத்தீன் சொல்லைப் பயன்படுத்துறார். லத்தீன்ல அதுக்கு ஒரு பணியைச் செய்யறதுன்னு அர்த்தம். அவர் மனசுல இருந்தது வளைகோடு. ஒரு வளைகோட்டுல ஒரு புள்ளியை எடுத்தா, அங்க தொடுகோடு வரும், செங்குத்துக்கோடு வரும். அந்தக் கோடுகள் வளைகோட்டுக்கு ஒவ்வொரு பணியைச் செய்யுது. அந்தப் பணிதான் ஃபங்ஷன். அதுல எண் கிடையாது, எஃப்பும் கிடையாது.

அப்புறம் அவருக்கும் யோஹான் பெர்னூலிக்கும் கடிதப் போக்குவரத்து. அதுல அந்தச் சொல் மெதுவா இடம் மாறுது. 1718ல பெர்னூலி அதுக்கு ஒரு வரையறை கொடுக்கிறார். அதோட சாரம்: ஒரு மாறியையும் சில மாறிலிகளையும் எப்படியாவது சேர்த்து அமைக்கிற அளவுதான் ஃபங்ஷன். வளைகோடு போய் இயற்கணிதம் வந்தாச்சு. அவர் அதை எழுதின விதம் ஃபை எக்ஸ். அடைப்புக்குறி இல்ல.

அடைப்புக்குறி போட்டவர் பெர்னூலியோட மாணவர் ஆய்லர். 1734ஐ ஒட்டி எழுதி, 1740ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமி வெளியீட்டுல அச்சான ஒரு கட்டுரையில எஃப்னு ஒரு எழுத்து, பக்கத்துல அடைப்புக்குறி, உள்ள ஒரு கோவை. நாம இன்னைக்கும் எழுதுற எஃப்(எக்ஸ்) அங்கதான் தொடங்குது.

இந்த அடைப்புக்குறிதான் இன்னைக்கு வரைக்கும் பசங்களைக் குழப்புது. 3(எக்ஸ்)னா பெருக்கல். அப்போ எஃப்(எக்ஸ்)னா எஃப் பெருக்கல் எக்ஸா? இல்ல. எஃப் என்பது எண் இல்ல, அது ஒரு வேலைக்கு வெச்ச பேர். அடைப்புக்குறி, அந்த வேலைக்குள்ள எதை அனுப்புறோம்னு சொல்லுது. எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ் + 3 என்றால் எஃப்(5) = 13. எஃப்(எக்ஸ் + 1) கேட்டா, எக்ஸ் இருக்கிற இடத்துல எல்லாம் எக்ஸ் + 1 போடணும். 2எக்ஸ் + 5 வரும். கோடு எழுதறவங்களுக்கு இது பழகின விஷயம்: ஃபங்ஷன் பேர், அடைப்புக்குறி, உள்ள ஆர்க்யுமெண்ட். 300 வருஷப் பழைய ஆய்லர் பழக்கத்தைத்தான் கீபோர்டுல தட்டிட்டு இருக்கோம்.

1748ல ஆய்லர் பகுவியல் பத்தி ஒரு பெரிய நூல் எழுதினார். அதுல ஃபங்ஷன்னா ஒரு மாறியையும் எண்களையும் வெச்சு அமைச்ச கோவைன்னு உறுதியா சொல்லிட்டார். அதாவது எழுதிக் காட்ட முடியணும். ஃபார்முலா இல்லன்னா ஃபங்ஷன் இல்ல.

கம்பிச் சண்டை

சிக்கல் ஒரு வருஷம் முன்னாடியே கிளம்பிடுச்சு. 1747ல பிரான்ஸ்ல ஷான் தலம்பேர், இழுத்துக் கட்டின கம்பி எப்படி அதிரும்னு ஒரு சமன்பாடு எழுதித் தீர்த்தார். அந்தத் தீர்வுக்குத் தொடக்கத்துல கம்பி எந்த வடிவத்துல இருந்ததுன்னு தெரியணும். தலம்பேர் போட்ட நிபந்தனை: அந்த வடிவம் ஒரே ஒரு ஃபார்முலாவால சொல்லக்கூடியதா இருக்கணும்.

ஒரு வீணைக் கம்பியையோ கிட்டார் கம்பியையோ நினைச்சுப் பாருங்க. நடுவுல விரலால இழுத்துப் பிடிக்கிறீங்க. என்ன வடிவம்? ரெண்டு நேர்கோடு, நடுவுல ஒரு மூலை. இடது பாதிக்கு ஒரு ஃபார்முலா, வலது பாதிக்கு வேற ஃபார்முலா. தலம்பேர் கணக்குப்படி இது செல்லாது. ஆனா விரலை விட்டா கம்பி பாடுது! கம்பிக்கு ஃபார்முலா பத்தி என்ன கவலை?

ஆய்லருக்கு இது புரிஞ்சது. கையால வரையக்கூடிய எந்த வடிவத்துல இருந்தும் கம்பி அதிரலாம்னு வாதாடினார். 1753ல டேனியல் பெர்னூலி, அதாவது யோஹானோட மகன், மூணாவது கட்சியா வந்தார்: எந்த அதிர்வையும் சைன் அலைகளோட கூட்டலா எழுதலாம். ஆய்லரும் ஏத்துக்கல, தலம்பேரும் ஏத்துக்கல. மூலை இருக்கிற வடிவத்தை வழவழன்னு இருக்கிற சைன் அலைகளைக் கூட்டி எப்படிக் கொண்டு வர முடியும்?

மூணு பேரும் சாகுற வரைக்கும் இது தீரல. ஆனா நடுவுல ஒண்ணு நடந்துச்சு. 1755ல வந்த தன்னோட இன்னொரு நூல்ல ஆய்லர் வரையறையையே மாத்தி எழுதினார். ஒரு அளவு மாறினா இன்னொரு அளவும் மாறும்னா, ரெண்டாவது அளவு முதல் அளவைச் சார்ந்தது, அதுதான் ஃபங்ஷன். ஃபார்முலாங்கிற சொல்லே அதுல இல்ல.

"சார்ந்தது." கேட்ட மாதிரி இருக்கா? நம்ம தமிழ்ப் புத்தகத்துல இருக்கிற "சார்பு"ங்கிற சொல்லோட பொருள் இதுதான். இங்கிலீஷ்காரங்க வெச்சிருக்கிற சொல்லுக்குள்ள லைப்னிஸோட 1673 இருக்கு. நாம வெச்சிருக்கிற சொல்லோட பொருள் ஆய்லரோட 1755க்குப் பொருந்துது.

சூடு எடுத்துட்டு வந்த பதில்

அடுத்த ஆள் ஜோசப் ஃபூரியே. தையல்காரர் மகன், சின்ன வயசுலயே பெற்றோரை இழந்தவர். நெப்போலியனோட எகிப்துக்குப் போய் வந்தவர். அப்புறம் கிரெனோபிள் நகரத்துல நிர்வாக அதிகாரி. அந்த வேலைக்கு நடுவுல, உலோகத்துக்குள்ள சூடு எப்படிப் பரவும்னு ஆராய்ச்சி.

1807ல பாரிஸுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். டேனியல் பெர்னூலி சொன்ன அதே விஷயம், ஆனா இன்னும் துணிச்சலா: எந்தச் சார்பா இருந்தாலும் சைன், கொசைன் அலைகளோட கூட்டலா எழுதலாம், மூலை இருந்தாலும் சரி, திடீர்னு குதிச்சாலும் சரி. படிச்சுப் பார்த்தவங்கள்ல லக்ராஞ்ச் ஒருத்தர். அவர் ஒத்துக்கல. கட்டுரை அப்படியே நின்னுபோச்சு. ஃபூரியே விடல. 1822ல புத்தகமாவே கொண்டு வந்தார்.

அவரோட நிரூபணத்துல ஓட்டைகள் இருந்துச்சு. ஆனா வேலை செஞ்சுது. இன்னைக்கும் செய்யுது. பாட்காஸ்ட் ஆடியோவைச் சுருக்குற எம்பி3 முறை அவரோட யோசனையோட வழித்தோன்றல்தான்.

சரி, ஓட்டையை யார் அடைச்சது? ஜெர்மானியரான டிரிஷ்லே. 1829ல, எந்த நிபந்தனைகள்ல ஃபூரியே சொன்னது உண்மையாகும்னு நிரூபிச்சார். அந்தக் கட்டுரைக் கடைசியில ஒரு விசித்திரமான சார்பைக் கொண்டு வந்து நிறுத்தினார். எக்ஸ் ஒரு விகிதமுறு எண்ணா இருந்தா ஒரு மதிப்பு. விகிதமுறா எண்ணா இருந்தா வேற மதிப்பு. வசதிக்கு 1, 0ன்னு வெச்சுக்குங்க.

இதை வரைஞ்சு பாருங்க. முடியாது. ரெண்டு விகிதமுறு எண்களுக்கு நடுவுல எப்பவும் ஒரு விகிதமுறா எண் இருக்கும், அதே மாதிரி மறுபக்கமும். பேனா ஒவ்வொரு இடத்துலயும் மேலயும் கீழயும் குதிக்கணும். அன்னைக்குப் பழக்கத்துல இருந்த எந்த ஃபார்முலாவுக்குள்ளயும் இது அடங்கல. கையாலயும் வரைய முடியல. ஆனா எந்த எக்ஸைக் கொடுத்தாலும் பதில் நிச்சயம், அதுவும் ஒண்ணே ஒண்ணு.

1837ல டிரிஷ்லே அதை வெளிப்படையாவே எழுதினார். தொடர்ச்சியான சார்புகளைப் பத்திப் பேசும்போதுதான் சொன்னார்னாலும், சொன்ன விஷயம் பெருசு: ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு ஒய் இருந்தா போதும். முழுக்க ஒரே விதி இருக்கணும்னு கட்டாயமில்ல. கணிதச் செயல்களால எழுதிக் காட்டணும்னும் கட்டாயமில்ல. தலம்பேரோட நிபந்தனை இங்க முழுசா விழுந்துடுச்சு.

ஏன் ஒரே ஒரு பதில்?

பரீட்சையில குத்துக்கோட்டுச் சோதனைன்னு ஒண்ணு வரும். வரைபடத்துல நேர் குத்தா ஒரு கோடு போடு, ரெண்டு இடத்துல வெட்டினா சார்பு இல்ல. வட்டத்தை எடுத்துக்குங்க: எக்ஸ் ஸ்கொயர் + ஒய் ஸ்கொயர் = 25. எக்ஸ் 3ன்னா ஒய் 4ஆகவும் இருக்கலாம், -4ஆகவும் இருக்கலாம். உறவு உண்டு, சார்பு இல்ல.

இந்த விதி வானத்துல இருந்து விழல. ஆய்லர் தன் 1748 நூல்ல ஒரு எக்ஸுக்குப் பல மதிப்பு தர்ற சார்புகளையும் சார்புன்னே ஏத்துக்கிட்டார். ஆனா எஃப்(3)னு எழுதினா அது ஒரு குறிப்பிட்ட எண்ணைக் குறிக்கணும். எஃப்(3) இந்த வரியில 4, அடுத்த வரியில -4ன்னா எஃப்(3) + 1 என்ன? குறியீட்டுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். குத்துக்கோட்டுச் சோதனை காப்பாத்துறது அந்த அடைப்புக்குறியைத்தான்.

கடைசியா முட்டைகள்

19ஆம் நூற்றாண்டு கடைசியில கணிதக்காரங்க எல்லாத்தையும் கணங்களால கட்ட ஆரம்பிச்சாங்க. "ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரு ஒய் கிடைக்குது"ன்னா அந்தக் "கிடைக்குது" என்ன? அதுக்கு வந்த பதில்: எக்ஸ், ஒய் ரெண்டையும் ஜோடியா எழுது, எல்லா ஜோடியையும் ஒரு பையில போடு, அந்தப் பைதான் சார்பு. 1914ல ஃபெலிக்ஸ் ஹவுஸ்டார்ஃப் தன் கண நூல்ல இப்படி வரையறுத்தார். நிக்கொலா புர்பாகிங்கிற ஒரே கற்பனைப் பேர்ல எழுதின பிரெஞ்சுக் குழு, 1939ல சார்பை ஒரு சிறப்பான உறவுன்னு வரையறுத்துச்சு. நம்ம பாடத்தலைப்புல உறவு முன்னாடியும் சார்பு பின்னாடியும் நிக்கிற வரிசை இதுதான்.

இந்த வரையறையில "சார்ந்திருத்தல்" கூடப் போயிடுச்சு. எஃப்(எக்ஸ்) = 5ன்னு ஒரு மாறிலிச் சார்பு இருக்கே, அதுல எக்ஸ் எப்படி மாறினாலும் பதில் 5தான். எதையும் சாரல, ஆனாலும் சார்பு! 1755 வரையறையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா இது குழப்பும். ஜோடிகளாப் பார்த்தா குழப்பமே இல்ல.

இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ் + 1 முழுவதோட ஸ்கொயர்னு ஒரு ஃபார்முலா, எக்ஸ் ஸ்கொயர் + 2எக்ஸ் + 1ன்னு இன்னொரு ஃபார்முலா. ஃபார்முலாதான் சார்புன்னா இது ரெண்டு சார்பு. ஆனா எந்த எண்ணைப் போட்டாலும் அதே பதில், அதே ஜோடிகள். அப்போ ஒரே சார்பு. கோடுலயும் இதேதான். ஒரு பட்டியலை வரிசைப்படுத்த ரெண்டு பேர் ரெண்டு விதமா எழுதலாம். ஒண்ணு வேகமா ஓடும், ஒண்ணு மெதுவா ஓடும். உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒண்ணா இருந்தா கணிதத்துக்கு ரெண்டும் ஒரே சார்பு. அந்த நம்பிக்கையிலதான் பழைய கோடைத் தூக்கிட்டுப் புதுசு வெக்கிறோம். டெஸ்ட் கேஸ் எழுதறோமே, அது என்ன? வரிசைச் சோடிகள்தான்.

மெஷின் லேர்னிங்ல பயிற்சித் தரவும் அப்படித்தான். படம், "பூனை". படம், "நாய்". பூனைக்கான ஃபார்முலாவை யாரும் முதல்ல எழுதல. ஜோடிகளைக் கொடுத்து, அந்த ஜோடிகளுக்குப் பொருந்துற சார்பை இயந்திரத்தைத் தேடச் சொல்றோம். ஃபார்முலா இருந்தாத்தான் ஃபங்ஷன்னு தலம்பேர் மாதிரி நின்னிருந்தா, இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

அப்போ முட்டைப் படம் தப்பா?

தப்பில்ல. 1950கள், 60கள்ல அமெரிக்காவுல "நியூ மேத்"னு ஒரு சீர்திருத்தம் வந்து, கணங்களும் உறவுகளும் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சது. மோரிஸ் கிளைன் என்ற கணிதப் பேராசிரியர் அதைக் கடுமையா எதிர்த்து 1973ல ஒரு புத்தகமே போட்டார். கணிதம் வளர்ந்த வரிசை ஒண்ணு, நாம சொல்லிக் கொடுக்கிற வரிசை இன்னொண்ணுன்னு அவர் வாதம். முழுசா நீங்க ஒத்துக்க வேண்டாம். ஆனா ஒரு 15 வயசுப் பையனோ பொண்ணோ "இதெல்லாம் எதுக்கு?"னு கேட்கும்போது, அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. 1939ல வந்த முடிவை முதல் பக்கத்துல கொடுத்துட்டு, அது எந்தக் கேள்விக்குப் பதில்னு நாம சொல்றதில்ல. "எனக்குக் கணக்கு வராது"ன்னு பல பேர் முடிவு பண்றது இந்த மாதிரி இடங்கள்லதான்.

அதனால வீட்டுல பத்தாவது படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா, முட்டையை விட்டுட்டு பின்கோடுல ஆரம்பிச்சுப் பாருங்க. ரெண்டு கேள்வி போதும்: எல்லாருக்கும் பதில் இருக்கா? ஒரே பதில்தானா? அப்புறம் கம்பியை இழுத்துக் காட்டி, இதுக்கு ஒரே ஃபார்முலா எழுதுன்னு சொல்லுங்க. திணறட்டும். தலம்பேரும் ஆய்லரும் அங்கதான் முட்டிக்கிட்டாங்கன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் புத்தகத்தைத் திறங்க.

அடுத்த எபிசோட்ல பூஜ்ஜியத்தால ஏன் வகுக்கக் கூடாதுன்னு பார்க்கலாம். அதுவும் மனப்பாடம் பண்ணின தீர்ப்புதான்.